பஃபரில் பாஸ், சீரத்தில் ஃபெயில்: நோயறி ஆய்வுத்துறை கேள்வி–பதில்

கேள்வி: மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் ஐ புரதத்துக்கு டெஸ்ட் ஸ்ட்ரிப் செய்வதுதான் என் பிஎச்டி வேலை. பஃபரில் கோடு பளிச்சென்று விழுகிறது. சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) விட்டால் மங்கிவிடுகிறது. சில சமயம் ட்ரோபோனினே இல்லாத சீரத்திலும் கோடு வருகிறது. எங்கே தவறு?

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள், சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் பொய்க்கோடு. கோட்டுக்கு நிறம் தரும் தங்க நானோ துகள் மேல் ஆன்டிபாடி (தேடும் புரதத்தைப் பிடிக்கும் புரதம்) முழுதாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். 1 மி.லி. துகள் கரைசலில் 10% உப்புக் கரைசல் 100 மைக்ரோலிட்டர் விட்டு 10 நிமிடம் வையுங்கள். சிவப்பு மாறாவிட்டால் நல்லது. ஊதாவாகவோ சாம்பல் நீலமாகவோ மாறினால் படிவு போதவில்லை, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்று அர்த்தம். ஆன்டிபாடி அளவைக் கூட்டுங்கள். பிஎச்-ஐ அந்த ஆன்டிபாடியின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளிக்குச் (மொத்த மின்னூட்டம் சுழியாகும் பிஎச்) சற்று மேலே வையுங்கள்.

உப்புச் சோதனையில் தேறியும் பொய்க்கோடு வந்தால், அடுத்த சந்தேகம் ஹெட்டரோஃபைல் ஆன்டிபாடிகள். சிலருடைய ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் இவை, கோட்டிலுள்ள ஆன்டிபாடியையும் துகளிலுள்ள ஆன்டிபாடியையும் பாலம் போட்டு இணைத்துவிடும். நீங்கள் பயன்படுத்துவது எலி ஆன்டிபாடி என்றால், சாம்பிள் பேடில் (சீரம் விடும் முனை) சாதாரண எலி ஐஜிஜி (எலி ரத்தத்தின் பொதுவான ஆன்டிபாடி) சேர்த்து அதே சீரத்தை மறுபடி ஓட்டுங்கள். கோடு மறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

இனி மங்கல். பஃபரில் நீங்கள் கலந்தது அநேகமாகத் தனி ட்ரோபோனின் ஐ. ரத்தத்தில் அது பெரும்பாலும் ட்ரோபோனின் சி-யோடு சேர்ந்தே இருக்கும். இரு முனைகளும் நொதிகளால் வெட்டுப்படும். 30 முதல் 110-ஆவது அமினோ அமிலம் வரையிலான நடுப்பகுதிதான் ஓரளவு நிலைக்கும். சிலருக்கு ஆட்டோஆன்டிபாடிகள் (உடல் தன் புரதத்துக்கே எதிராக உருவாக்குபவை) அந்த நடுப்பகுதியையே மறைத்துக்கொள்ளும் என்பதால், ஒரே ஆன்டிபாடி இணையை நம்பாமல் இரண்டு மூன்று இணைகளை ஓட்டிப் பாருங்கள். பிறகு ரெக்கவரி சோதனை: தெரிந்த அளவு புரதத்தைச் சீரத்தில் கலந்து அளந்தால் 80 முதல் 120% வரை திரும்பக் கிடைக்க வேண்டும். குறைந்தால் சீரத்தை 2, 4, 8 மடங்கு நீர்த்து, கிடைத்த அளவை அதே மடங்கால் பெருக்குங்கள். நீர்க்க நீர்க்க விடை ஏறினால் சீரம்தான் தடுக்கிறது. புரதம் மிக அதிகமாக இருந்தாலும் இரண்டு ஆன்டிபாடிகளும் தனித்தனியே நிரம்பிக் கோடு மங்கும். ஹூக் விளைவு என்பது இதுதான். அதற்கும் இதே நீர்த்தல் சோதனை பதில் சொல்லும்.

பஃபரில் மட்டும் எடுத்த லிமிட் ஆஃப் டிடெக்‌ஷனை (கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு) கட்டுரையின் சுருக்கத்தில் போடாதீர்கள். மருத்துவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: 30 நோயாளிகள், 30 ஆரோக்கியமான மாணவர்கள். 60 பேருக்கும் முடிவு சரி. சென்சிடிவிட்டி (நோயாளிகளில் எத்தனை சதவீதத்தினரைச் சோதனை பிடிக்கிறது என்பது) 100% என்று எழுதினோம். கட்டுரையை மதிப்பிட்ட ரெஃப்ரி திருப்பி அனுப்பிவிட்டார். நியாயமா?

பதில்: நியாயம்தான். 30-இல் ஒன்றுகூடத் தவறவில்லை என்றாலும், உண்மையான தவறு விகிதம் 10% வரை இருக்கலாம் (3-ஐ 30-ஆல் வகுத்தால் வருவது). சென்சிடிவிட்டி 95%, கூடக்குறைய 5% என்று சொல்லவே சுமார் 73 நோயாளிகள் வேண்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை, ஒப்பிட நீங்கள் எடுத்த ஆட்கள். மருத்துவமனையில் யாரும் ஆரோக்கியமான இளைஞரையும் முற்றிய நோயாளியையும் பிரித்தறியச் சோதனை கேட்பதில்லை. அதே அறிகுறியோடு வந்து, வேறு நோய் என்று தெரியவந்தவர்கள்தான் உங்கள் உண்மையான எதிரணி. கட்-ஆஃபை (பாசிட்டிவ் என்று சொல்லும் எல்லையளவு) இதே 60 சாம்பிள்களில் பார்த்து முடிவுசெய்திருந்தால் அதுவும் செல்லாது. புது சாம்பிள்களில், நோய் விவரம் தெரியாத ஒருவர் கோட்டைப் படிக்க வேண்டும். நோயறி சோதனைக் கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்டார்ட் (STARD) 2015 பட்டியலின் 30 அம்சங்களையும் ஆய்வைத் திட்டமிடும்போதே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை எழுதும்போது திறந்தால் காலம் கடந்திருக்கும்.

கேள்வி: போஸ்ட்டாக்குக்கு லேப் தேடுகிறேன். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கட்டுரைப் பட்டியலைப் பிறகு பாருங்கள். நேர்காணலிலேயே கேளுங்கள்: நோயாளி சாம்பிள் எங்கிருந்து வருகிறது, நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்கிறதா, எந்த மருத்துவர் பெயர் திட்டத்தில் இருக்கிறது? ‘இனிமேல்தான்’ என்று மூன்றுக்கும் பதில் வந்தால், உங்கள் ஒப்பந்தக் காலத்தில் பெரும்பகுதி காத்திருப்பிலேயே போகும்.

கேள்வி: புதிதாக உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். பாசிட்டிவ் வந்தவருக்கு உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் பேயஸ் சூத்திரத்தைப் போர்டில் எழுதினாலே மாணவர்கள் முழிக்கிறார்கள்.

பதில்: சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆட்களை எண்ணச் சொல்லுங்கள். 10,000 பேர், அதில் 1% நோயாளிகள்; சென்சிடிவிட்டியும் ஸ்பெசிஃபிசிட்டியும் (நோயில்லாதவர்களை நெகட்டிவ் என்று சரியாகச் சொல்லும் விகிதம்) 95%. 100 நோயாளிகளில் 95 பேருக்கு பாசிட்டிவ். நோயில்லாத 9,900 பேரில் 495 பேருக்கும் பாசிட்டிவ். ஆக 590 பாசிட்டிவில் உண்மை 95, அதாவது 16%. உடனே நோயாளிகளை 20% ஆக்கச் சொல்லுங்கள்: 2,300 பாசிட்டிவில் 1,900 உண்மை, 83%. சோதனை அதேதான், யாருக்குச் செய்கிறோம் என்பதுதான் மாறியது. இதை அவர்கள் கையாலேயே போட்டுப் பார்த்தபின் சூத்திரத்தை எழுதுங்கள்.

எலிசா (பிளேட்டின் கிணறுகளில் ஆன்டிபாடியால் புரதத்தை அளக்கும் சோதனை) பிராக்டிகலில் ஒரு குழுவை பிளாக்கிங் (கிணற்றின் காலி இடங்களை மூடும் படி) இல்லாமலும், இன்னொரு குழுவை ஒரே ஒரு முறை மட்டும் கழுவியும் செய்யவிடுங்கள். பிளாங்க் (அளக்கும் புரதம் சேர்க்காத) கிணறுகளும் மஞ்சளாவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தப் படிகளை அப்புறம் விடமாட்டார்கள். பிளேட்டை முந்தின நாளே கோட் செய்துவைத்தால்தான் மூன்று மணி நேரத்தில் முடியும்.

கேள்வி: அடுத்த மாதம் மாநாட்டில் போஸ்டர். பேடன்ட் அதற்குப் பிறகு போட்டால் போதுமா?

பதில்: போதாது. போஸ்டர், அச்சான சுருக்கம், பொது வைவா எல்லாமே பகிரங்க வெளியீடுதான். அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் உங்கள் போஸ்டரே உங்கள் விண்ணப்பத்துக்கு எதிரான சான்றாகிவிடும். முதலில் விண்ணப்பத்தைப் பதிவுசெய்யுங்கள். முடியாவிட்டால் ஆன்டிபாடி இணை, கட்-ஆஃப் போன்ற முக்கிய விவரங்களைப் போஸ்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்.