ஆம்பூரில் நிற்காத ரயில் ஆம்பூருக்கு என்ன தரும்?

வாசகர் கேள்வி – பதில்

சென்னை–பெங்களூரு–மைசூரு புல்லட் ரயில் திட்டம் பற்றிய கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. அவற்றில் ஆறுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

கே: வந்தே பாரத்தே நன்றாகத்தானே ஓடுகிறது? அப்புறம் எதற்கு லட்சம் கோடியைக் கொட்டி புல்லட் ரயில்?
– கல்லூரி மாணவர், கோவை

ப: வந்தே பாரத் நல்ல வண்டிதான் தம்பி, ஆனால் அது ஓடுவது பழைய பாதையில். 160 கி.மீ. வேகம் போகக்கூடிய அந்த வண்டி, சென்னையிலிருந்து பெங்களூருக்கு 360 சொச்சம் கி.மீ. போக நாலேகால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. சராசரி பார்த்தால் மணிக்கு 80 சொச்சம்தான். முன்னால் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருக்கும், அதற்கும் முன்னால் ஒரு பாசஞ்சர் போகும், வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். 300 கி.மீ.க்கு மேல் போக வேண்டுமென்றால் பெரிய வளைவுகள் மட்டுமே உள்ள, லெவல் கிராசிங்கே இல்லாத, வேறு எந்த வண்டியும் குறுக்கே வராத தனிப் பாதை வேண்டும். செலவு எகிறுவது அதனால்தான். மும்பை–அகமதாபாத் 508 கி.மீ. பாதைக்கு 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியபோது சொன்ன மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 200 கோடிக்கு மேல். அதில் 81 சதவீதம் ஜப்பான் தரும் கடன். வட்டி 0.1 சதவீதம், 50 ஆண்டுத் தவணை. வட்டி குறைவுதான், சரி, ஆனால் அசலை நாம்தானே கட்ட வேண்டும், அதுவும் யென்னில்.

இவ்வளவு பணத்துக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேர மிச்சம் மட்டும்தான் என்றால் நானும் உங்கள் பக்கம்தான் நிற்பேன். அது மட்டும் இல்லை என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கே: ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு நாலைந்து தடவை சென்னைக்கு அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டே போய் வருகிறேன். புல்லட் ரயில் எங்கள் ஊரில் நிற்கப்போவதில்லை. எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?
– வாசகர், ஆம்பூர்

ப: வந்த கடிதங்களிலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

ஜப்பானில் முதல் புல்லட் ரயில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 1964 அக்டோபர் 1-ஆம் தேதி ஓடியது. அதற்கு முன்பே அங்கே நல்ல எக்ஸ்பிரஸ் வண்டி இருந்தது, ஆறரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டது. அப்புறம் எதற்குப் புதுப் பாதை? பழைய பாதை நிரம்பி வழிந்தது, அதுதான் காரணம். நாட்டின் மொத்த ரயில் பாதையில் ஏறக்குறைய 3 சதவீதமே இருந்த அந்த ஒரு தடத்தில் நாட்டின் ரயில் போக்குவரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ஓடிக்கொண்டிருந்தது. தொலைதூர வேக வண்டிகளைப் புதுப் பாதைக்கு மாற்றினார்கள், பழைய பாதை உள்ளூர் வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் கிடைத்தது. அந்தத் திட்டத்தையும் வீண் செலவு என்று பலர் திட்டினார்கள். செலவும் ஏறக்குறைய இரண்டு மடங்கானது, அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே தலைவர் ஷின்ஜி சோகோ 1963-இல் பதவியை விட்டே போனார். திறப்பு விழாவை அவர் வீட்டில் உட்கார்ந்து டிவியில்தான் பார்த்தார். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

இப்போது உங்கள் பாதையைப் பாருங்கள். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வரை பெங்களூரு வண்டி, கோவை வண்டி, கேரள வண்டி, சரக்கு வண்டி எல்லாம் ஒரே தடத்தில்தான் வருகின்றன. ஏலகிரி எக்ஸ்பிரஸ் மாதிரி காலையில் இன்னொரு வண்டி கேட்டால் பாதையில் இடமில்லை என்ற பதில்தான் வரும். பெங்களூரு பயணிகளில் ஒரு பகுதி புதுப் பாதைக்குப் போனால் இந்தத் தடத்தில் இடம் காலியாகும். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் கிடைக்கக்கூடிய லாபம் அந்த இடம்தான்.

ஆனால் அது தானாக வந்துவிடாது. காலியாகும் நேரத்தில் இன்னும் நாலு பிரீமியம் வண்டியை விட்டுவிட்டால் நீங்கள் நின்றுகொண்டேதான் போவீர்கள். அதனால் புல்லட் ரயில் திட்டத்துக்கு ஒப்புதல் தரும் அன்றைக்கே, பழைய பாதையில் இத்தனை மெமு வண்டி (பக்கத்து ஊர்களுக்கு ஓடும் மின்சார ரயில்), இத்தனை அன்ரிசர்வ்டு பெட்டி கூடும் என்று அதே திட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் நான் இந்தத் திட்டத்தை ஆதரிப்பேன், எழுதாவிட்டால் எதிர்ப்பேன்.

கே: ஒரு மணி நேரத்தில் விமானத்தில் பெங்களூரு போய்விடலாமே?
– வாசகி, தஞ்சாவூர்

ப: வானத்தில் இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை அம்மா, மீதி நேரம் தரையில்தானே போகிறது! பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளியில் இருக்கிறது, ஊருக்குள் வர 35 கி.மீ.யாவது ஆகும், சோதனை வரிசை வேறு. ஸ்பெயினில் மாட்ரிட்–பார்சிலோனா 621 கி.மீ. பாதை 2008-இல் முழுசாகத் திறந்ததும், இரண்டரை மணி நேரத்தில் ஊர் நடுவிலேயே இறங்கலாம் என்று ஆனதால், விமானத்தில் போய்க்கொண்டிருந்த நிறைய பேர் ரயிலுக்கு மாறிவிட்டார்கள். 300-லிருந்து 700 கி.மீ. வரை ரயில் ஜெயிக்கும். ஆயிரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் விமானம்தான்.

கே: கட்டி முடித்த பிறகு நஷ்டப்பட்ட நாடு எதாவது உண்டா?
– வாசகர், ஓசூர்

ப: தைவானைச் சொல்லலாம். 2007-இல் திறந்தார்கள், தைபேயிலிருந்து காவ்சியோங் வரை 350 கி.மீ. போல வரும், ஒன்றரை மணி நேரப் பயணம். ரயில் அருமையாக ஓடியது. ஆனால் கட்டி நடத்திய தனியார் நிறுவனம் கடனில் மூழ்கிப்போய், 2015-இல் அரசு உள்ளே வந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று. இன்னொரு தப்பு, தைனான் மாதிரி ஊர்களில் ஸ்டேஷனை ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் கட்டினார்கள். இறங்கிய பிறகு ஊருக்குள் போக பஸ்ஸுக்கும் டாக்ஸிக்கும் அலைய வேண்டும். பழைய ரயில் நிலையத்தோடு இணைக்கும் பாதை தைனானுக்கு 2011-இல்தான் வந்தது. நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று இங்கேயும் சென்னை ஸ்டேஷனை எங்கோ வெளியில் வைத்து, மெட்ரோ பிறகு வரும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரயிலில் மிச்சம் பிடித்த நேரம் முழுக்க ஆட்டோவில் போய்விடும்.

கே: எங்கள் நிலத்தில் கல் நட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஊர் முன்னேற விவசாயி மட்டும்தான் விலை கொடுக்க வேண்டுமா?
– விவசாயி, காஞ்சிபுரம் மாவட்டம்

ப: இந்தப் பயத்தை யாரும் சின்னதாக நினைக்கக் கூடாது ஐயா. மும்பை–அகமதாபாத் திட்டம் தாமதமானதற்கு ஒரு பெரிய காரணமே மகாராஷ்டிரத்தின் பால்கர் பக்கத்தில் பழங்குடி மக்களும் விவசாயிகளும் நிலம் தர மறுத்ததுதான். அந்தப் பாதையின் பெரும்பகுதி தூண்களின் மேல் போகிறது. அதனால் தரைப் பாதை, ரோடு இவற்றைவிடக் குறைந்த அகலத்தில்தான் நிலம் தேவைப்படுகிறது, தூணுக்கு அடியில் வாய்க்காலும் வண்டிப்பாதையும் அறுபடாமல் இருக்கும். ஆனாலும் எடுக்கும் நிலம் எடுத்ததுதான், நடுவில் பாதை போய் இரண்டு துண்டான வயலில் உழுவது எவ்வளவு கஷ்டம் என்று உழுகிறவருக்குத்தான் தெரியும். கிராமப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பைப்போல நாலு மடங்கு வரை இழப்பீடு கொடுக்க 2013-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தில் இடமிருக்கிறது. சந்தை மதிப்பு என்று எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் சண்டையே வரும், வழிகாட்டி மதிப்பு குறைவாக இருந்தால் நாலு மடங்கும் குறைவாகத்தான் வரும். பத்திரம், பட்டா, கிணறு, மரம் எல்லாவற்றையும் இப்போதே ஒழுங்காகப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கே: எல்லாம் பெங்களூருக்கும் மும்பைக்கும்தானா? எங்களுக்கு எப்போது?
– வாசகி, திருநெல்வேலி

ப: புல்லட் ரயிலை உங்களுக்கு நான் கேட்க மாட்டேன் அம்மா. சென்னையிலிருந்து உங்கள் ஊர் 650 கி.மீ., தூரக் கணக்கில் பொருந்தத்தான் செய்கிறது, ஆனால் கிலோமீட்டருக்கு 200 கோடி போட்ட பாதையில் நாள் முழுக்க அடிக்கடி வண்டிகள் நிரம்பி ஓடினால்தான் கணக்கு சரிவரும். நெல்லைக்காரர்களில் பாதிப் பேர் ராத்திரி ஏறிப் படுத்துக் காலையில் இறங்குவதைத்தான் விரும்புகிறார்கள், நானும் அப்படித்தான். 2023 செப்டம்பரிலிருந்து பகலில் வந்தே பாரத்தும் ஓடுகிறது. மணியாச்சி–நாகர்கோவில் வரை இரட்டைப் பாதையும் முடிந்துவிட்டது. அந்த இரண்டாவது பாதையில் ராத்திரி வண்டி இன்னும் எத்தனை விடப்போகிறீர்கள் என்று உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள். பொங்கலுக்கு 60 நாள் முன்னால் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்த சில நிமிடத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விடுகிறதே, அதற்கு முதலில் ஒரு வழி பண்ணட்டும்.