அவருக்கு கோல்ஃப், எனக்குக் கடல்: ஸ்பெயினில் எட்டு நாள்

கேள்வி: வரும் அக்டோபர் நடுவில் எங்கள் 25வது திருமண நாள். ஸ்பெயினின் கோஸ்டா டெல் சோல் கடற்கரைக்கு எட்டு நாள் போகலாம் என்கிறார் கணவர். கோல்ஃப் என்றால் அவருக்கு உயிர், ஹேண்டிகேப் 18, அதாவது நடுத்தர ஆட்டக்காரர். ஐந்து நாள் ஆடப் போகிறாராம். நான் ஆடுவதில்லை, எனக்குக் கடல் போதும். பணம் பிரச்சினை இல்லை. எங்கே தங்குவது? நாள்களை எப்படிப் பிரிப்பது?
– வாசகி, கோவை

பதில்: வாழ்த்துகள் சகோதரி. ஐந்து நாள் வேண்டாம், மூன்று நாள் போதும் என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அக்டோபர் நடுவில் அங்கே விடிவதே காலை எட்டேகால் மணிக்கு. கோவையில் ஆறரைக்கெல்லாம் ஆடத் தொடங்கி, வெயில் ஏறுமுன் வீடு திரும்புகிற பழக்கம் அங்கே செல்லாது. ஒன்பதுக்குத் தொடங்கினால் 18 குழி முடிக்க ஒன்றரை ஆகும். குளித்து, சாப்பிட்டு, திரும்பி வர மூன்றரை. அப்படி ஐந்து நாள் போனால் திருமண நாள் பயணத்தில் உங்களுக்கு என்ன மிஞ்சும்?

தங்குவதற்கு மார்பெயா நகரம்தான் சரி. மாலகா விமான நிலையத்திலிருந்து காரில் முக்கால் மணி நேரம். 1954இல் ஹோஹென்லோஹே இளவரசர் அல்ஃபோன்ஸோ தொடங்கிய மார்பெயா கிளப், அதன் பக்கத்திலேயே உள்ள புவென்டே ரொமானோ, இரண்டுமே கடலை ஒட்டிய விடுதிகள். அறையிலிருந்து இறங்கினால் மணல். மணல் வெள்ளையாக இருக்காது, பழுப்புதான். ஆனால் கோடை முழுக்கச் சூடேறிய கடல் அக்டோபரில் மே மாதத்தைவிட இதமாக இருக்கும்.

உங்கள் கணவர் காசாரெஸ் பக்கம் உள்ள ஃபின்கா கோர்டெசின் விடுதியைக் கேட்பார். 2023இல் பெண்களுக்கான சோல்ஹெய்ம் கோப்பை நடந்த மைதானம், அருமையான இடம். ஆனால் விடுதி கடலை ஒட்டி இல்லை, குளிக்க வண்டியேற வேண்டும். அவர் ஒரு நாள் போய் ஆடிவிட்டு வரட்டும், நீங்கள் அங்கே தங்காதீர்கள்.

இரண்டாவது ஆட்டத்துக்கு லோஸ் நரான்ஹோஸ் மைதானம். மார்பெயாவிலிருந்து கொஞ்ச தூரம்தான். பின் ஒன்பது குழிகள் ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே போகும், 18 ஹேண்டிகேப்காரருக்கு மனநிறைவு தரும் ஆட்டம். மூன்றாவது, அவர் கனவு காணும் வால்டெராமா. 1997இல் ஸ்பெயின் வீரர் செவே பயஸ்டெரோஸ் தலைமையில் ஐரோப்பிய அணி அமெரிக்காவை வீழ்த்தி ரைடர் கோப்பையை வென்ற மைதானம். பிரிட்டனையும் அமெரிக்காவையும் தாண்டி அந்தப் போட்டி நடந்தது அங்கேதான் முதல்முறை. வெளியாட்களுக்கு ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு, கட்டணமோ பல நூறு யூரோ. விமான டிக்கெட்டுக்கு முன்னால் அந்த டீ டைமை, அதாவது ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கான முன்பதிவை, உறுதி செய்யுங்கள். கார்க் மரங்கள் நெருங்கிய குறுகிய பாதைகள், கிழக்கே மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வீசும் லெவாண்டே காற்று வேறு. கோல்ஃபில் ஸ்கோர் குறைவதே நல்லது, ஏறினால் மனம் தளர வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. நம் ஊர்போல பையைத் தூக்கிக்கொண்டு கேடி கூட வருவார் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான மைதானங்களில் பக்கி எனும் ஏறிச் செல்லும் சிறு வண்டி அல்லது தள்ளுவண்டிதான், பக்கிக்குப் பல இடங்களில் தனிக் கட்டணம். ஹேண்டிகேப் சான்றிதழைக் கிளப்பில் வாங்கிக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

அவர் ஆடும் நாளில் நீங்கள் அறையில் காத்திருக்காதீர்கள். ஒரு காலை கபோபினோ கடற்கரைக்குப் போங்கள், அர்டோலா மணல்மேடுகள் அங்கேதான். அதில் ஒரு பகுதி நிர்வாணமாகக் குளிப்பவர்களுக்கானது, தெரிந்துகொண்டு போவது நல்லது. இன்னொரு நாள் மாலகாவில் பிக்காசோ அருங்காட்சியகம். ஆட்டமில்லாத நாளில் இருவரும் சேர்ந்து ரோண்டா போங்கள். மலைப்பாதை ஒரு மணி நேரத்துக்கு மேல் வளைந்து வளைந்து போகும், தலைசுற்றல் இருந்தால் மாத்திரை அவசியம். பள்ளத்தாக்கின் மேல் 1793இல் கட்டி முடித்த பாலத்தில் நின்று பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

கேள்வி: நான் சுத்த சைவம். அந்த ஊரில் என்ன சாப்பிடுவது?
– அதே வாசகி

பதில்: கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், பெரேன்ஹேனாஸ் கோன் மியேல் என்று கேளுங்கள். பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த சூப் அஹோபிளாங்கோ, மாலகாவின் சொந்தச் சரக்கு. சால்மொரேஹோ தக்காளி சூப்தான், ஆனால் மேலே முட்டையும் பன்றி இறைச்சியும் தூவுவார்கள். அவை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவு உணவுக்கு அந்த ஊர்க்காரர்கள் ஒன்பது மணிக்குத்தான் உட்காருவார்கள், மாலையில் ஏதாவது கொறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?
– வாசகர், மதுரை

பதில்: ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாள் முன்புதான் கடைசி வரம்பு, அதுவரை தள்ளிப்போடாதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.