கேள்வி–பதில்: பழைய லேண்ட்லைன் எண், புதிய ஃபைபர் இணைப்பு

வீட்டு போனை செம்புக் கம்பியிலிருந்து இணைய வழிக்கு மாற்றுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் வீட்டு பி.எஸ்.என்.எல். எண் முப்பது வருடம் பழையது. ஃபைபருக்கு மாறினால் எண் போய்விடுமா? இணைப்பு, காலமான என் மாமனார் பெயரில் இருக்கிறது. – வாசகி, மதுரை

எண் போகாது. அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு, அதே ஊருக்குள் மாறினால் 0452-க்குப் பின்னால் வரும் எண் அப்படியே தொடரும். செம்புக் கம்பி இருந்தபோது எக்ஸ்சேஞ்சில் உங்கள் வீட்டு ஜோடிக் கம்பியை அந்த எண்ணோடு கட்டியிருந்தார்கள். ஃபைபரில், வீட்டுக்கு வரும் ஓ.என்.டி. பெட்டிக்குள் (பலரும் மோடம் என்றே சொல்வார்கள்) உங்கள் எண்ணையும் ஒரு கடவுச்சொல்லையும் பதிந்துவைப்பார்கள். பெட்டி அதைக் காட்டி எக்ஸ்சேஞ்சின் சர்வரில் தன்னைப் பதிவுசெய்துகொள்ளும்.

எண்ணை இழப்பவர்கள் பெரும்பாலும் வரிசையை மாற்றிச் செய்தவர்கள். பழையதை சரண்டர் செய்துவிட்டுப் புதிது கேட்போம் என்று போகவே போகாதீர்கள். சரண்டர் செய்த எண் உங்களுடையது அல்ல. விண்ணப்பத்தில் பழைய எண்ணை எழுதி, "இதே எண்ணை ஃபைபருக்கு மாற்றித் தரவும்" என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். புதிய இணைப்புக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேறு எண் வந்துவிடும், பில்லும் இரண்டாக வரும். கேபிள் இழுக்க வருபவரிடம் உள்ள ஆர்டரில் எந்த எண் இருக்கிறது என்று அவர் ஏணி போடும் முன்பே கேட்டுப் பாருங்கள்.

பெயர் மாற்றத்தை இதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், உங்கள் அடையாள அட்டை, கடைசி பில் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போங்கள். பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. மாமனார் கட்டிய டெபாசிட் தொகையைப் புதிய கணக்கில் சேர்க்கச் சொல்லி அதே மனுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பிறகு தனியாக அலைய வேண்டியிருக்காது.

மாற்றிய அன்று வெளியே ஒரு அழைப்பு போட்டுப் பார்த்து, "போகிறது" என்று திருப்தியாகிவிடாதீர்கள். உள்ளே வரும் அழைப்பும் முக்கியம். வேறு நிறுவனத்தின் செல்போனிலிருந்து 0452 சேர்த்து உங்கள் எண்ணுக்கு அடியுங்கள். உள்ளூர் லேண்ட்லைன் ஒன்றிலிருந்தும் அடியுங்கள். உங்கள் பெட்டி பதிவாகியிருந்தும், அந்த எண் இனி ஃபைபர் பக்கம் என்று எக்ஸ்சேஞ்சில் வழியைத் திருப்பாமல் விட்டிருந்தால், நீங்கள் பேச முடியும், உங்களை யாரும் கூப்பிட முடியாது. இதைக் கவனிக்காமல் நாள்கணக்கில் அழைப்பு வராமல் இருப்பவர்கள் உண்டு. ஊழியர் வீட்டில் இருக்கும்போதே சோதித்துவிட்டால் ஒரு போன் செய்து அவரே சரிசெய்துவிடுவார்.

அதே எண்ணை வைத்துக்கொண்டு தனியார் ஃபைபருக்கு மாற முடியுமா? – வாசகர், கோயம்புத்தூர்

முடியாது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க நடைமுறையில் உள்ள எண் மாற்றும் வசதி செல்போனுக்கு மட்டும்தான். லேண்ட்லைனுக்கு நிறுவனம் மாறினால் எண்ணும் மாறும். மாறியே ஆக வேண்டுமென்றால் பழைய இணைப்பை மிகக் குறைந்த மாதக் கட்டணத் திட்டத்தில் மூன்று மாதம் வைத்துக்கொண்டு, புதிய எண்ணுக்கு அழைப்பைத் திருப்பிவிடுங்கள். அதற்குள் வங்கி, சமையல் எரிவாயு, காப்பீடு, மருத்துவமனைக் கோப்பு, பள்ளி என்று எண் கொடுத்த இடங்களிலெல்லாம் மாற்றிவிடலாம்.

ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என மூன்று போன்கள் சுவருக்குள் ஓடும் ஒயரில் இருக்கின்றன. ஃபைபர் பெட்டியில் ஒரு போன் மட்டும்தான் வேலை செய்யும் என்கிறார்கள். உண்மையா? – வாசகர், தஞ்சாவூர்

பழைய ஒயரை அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் ஒரு வேலையை முதலில் செய்தாக வேண்டும். வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பியை வீட்டு ஒயரிலிருந்து கழற்ற வேண்டும். இதைச் செய்யாமல் பெட்டியை இணைத்தால் பெட்டியின் போன் துளை எரிந்துபோகலாம். காரணம் எளிது. எக்ஸ்சேஞ்ச் கம்பியில் எப்போதும் 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும், மணி அடிக்கும்போது அதன்மேல் 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் ஏறும். உங்கள் பெட்டியும் தன் பங்குக்கு அதே துளையில் மின்சாரம் அனுப்புகிறது. இரண்டும் மோதக் கூடாது. எக்ஸ்சேஞ்சில் இணைப்பைத் துண்டித்த பிறகும்கூட அந்தக் கம்பி கம்பம் வரை ஓடிக்கொண்டுதான் இருக்கும். மின்னல் காலத்தில் அதன் வழியே வரும் அதிர்ச்சிக்கு உங்கள் பெட்டி பலியாகும்.

கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சிறிய சதுரப் பெட்டி ஒன்று இருக்கும். திருகைக் கழற்றினால் இரண்டு முனைகள் தெரியும். வெளிக்கம்பி எது, உள்ளே போகும் ஒயர் எது என்று பார்த்து வெளிக்கம்பியின் இரண்டு இழைகளையும் கழற்றி, தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் நேர்மின்சார அளவில் வைத்து வீட்டு ஒயரை அளந்து பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். மீட்டர் இல்லையென்றால் மூன்று போனையும் எடுத்துக் கேளுங்கள், எதிலும் சிறு இரைச்சல்கூட இருக்கக் கூடாது. பழைய பிராட்பேண்டுக்காக மாட்டிய ஸ்பிளிட்டர், ஃபில்ட்டர் இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு ஓ.என்.டி.யில் 'டெல்' அல்லது 'போன்' என்று எழுதிய துளையிலிருந்து சாதாரண போன் ஒயர் ஒன்றை ஏதாவது ஒரு சுவர் சாக்கெட்டில் செருகினால் மூன்று போனுக்கும் டயல் டோன் வரும். அருகில் உள்ள 'லான்' துளை அகலமானது. அதில் போன் முள்ளும் நுழைந்துவிடும், ஆனால் வேலை செய்யாது, துளையின் ஊசிகளும் வளையும்.

அதற்குப் பிறகும் தொல்லை வரலாம். மூன்றில் ஒன்று மட்டும் மணி அடிக்கவில்லை என்றால் பெட்டிக்கு அவ்வளவு மணிகளை அடிக்கும் தெம்பு இல்லை என்று பொருள். இரும்பு மணி உள்ள பழைய போன் அதிக மின்சாரம் இழுக்கும். அதை எடுத்துவிட்டு மின்னணு மணி போன் வைத்தால் சரியாகும். எல்லாப் போனும் வைத்தபடி இருக்க, கூப்பிடுபவருக்கு மட்டும் எப்போதும் 'பிஸி' என்று வந்தால், சுவர் ஒயரில் எங்கோ ஈரம் ஏறிக் கசிகிறது. போனை யாரோ எடுத்து வைத்திருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொள்கிறது. சுவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு போனை நேராகப் பெட்டியில் செருகுங்கள். அப்போது சரியாக இருந்தால் பழுது உங்கள் வீட்டு ஒயரில்தான், நிறுவனத்துக்குப் புகார் செய்து பயனில்லை. தேடிப் பிடிப்பது சிரமம் என்றால், ஒரு கைபிடியோடு இரண்டு கூடுதல் கைபிடி வரும் கார்ட்லெஸ் செட் வாங்கிவிடுங்கள். சுவர் ஒயரே தேவைப்படாது.

முன்பெல்லாம் கரண்ட் போனாலும் போன் பேசலாம். இப்போது விளக்கோடு போனும் அணைந்துவிடுகிறது. வயதான பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். என்ன செய்வது? – வாசகர், நாகர்கோவில்

மாற்றத்துக்கு முன் எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. செம்புக் கம்பி போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறையிலிருந்து அதே கம்பியில் வந்தது. கண்ணாடி இழையில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. ஆகவே பெட்டிக்கான மின்சாரம் இனி உங்கள் பொறுப்பு.

இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியின் அடாப்டரை அந்த லைன் வரும் பிளக்கில் செருகுங்கள். கரண்ட் போகும் கணத்தில் பெட்டி ஒருமுறை அணைந்து மீண்டும் எழுந்தால், போன் திரும்ப இரண்டு மூன்று நிமிடமாகும். இன்வெர்ட்டரில் 'யு.பி.எஸ்.' நிலைக்கான சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள், மாறும் நேரம் குறைந்து பெட்டி அணையாது.

இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். போதும். பெட்டியின் அடாப்டரில் உள்ள எழுத்தைப் படித்து வாங்குங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், ஆம்பியர் 1, 1.5 அல்லது 2 என்று மாறும். யு.பி.எஸ். அதே வோல்ட்டும், அதே ஆம்பியரோ கூடுதலோ தர வேண்டும். முள்ளின் அளவும் பொருந்த வேண்டும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் நீங்களே கணக்குப் போடுங்கள். 8,800 எம்.ஏ.ஹெச். (அதாவது 8.8 ஆம்பியர்-மணி) என்றால் உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட். 8.8-ஐ 3.7-ஆல் பெருக்கினால் சுமார் 32 வாட்-மணி. 12 வோல்ட்டாக உயர்த்துவதில் வீணாவது போக 27 மிஞ்சும். பெட்டி 9 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம். இரண்டு வருடத்தில் பேட்டரி தளர்ந்து இது பாதியாகலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி நேரம் பாருங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு கார்ட்லெஸ் போன் மட்டும் வைத்திருந்தால் பயனில்லை. அதன் அடித்தட்டுக்கும் கரண்ட் வேண்டும். பெற்றோர் படுக்கைக்கு அருகே ஒயர் உள்ள சாதாரண போன் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தெருவில் ஒளியைப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டர் பெட்டிக்கு மின்சாரம் தேவையே இல்லை. ஆகவே எக்ஸ்சேஞ்ச் முனையில் உயிர் இருக்கும்வரை, தெருவே இருட்டாக இருந்தாலும் உங்கள் வீட்டுப் போன் பேசும். புயல் நாட்களில் கேபிளே அறுந்து விழக்கூடும் என்பதால், சார்ஜ் போட்ட செல்போனில் 108, 112 இரண்டும் அழைக்கத் தெரிந்திருப்பதும் அவசியம்.

மாறிய பிறகு செல்போன் எண்களுக்கு அழைப்பு போவதில்லை. – வாசகி, சேலம்

எண்ணுக்கு முன் 0 போடுகிறீர்களா? லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு அடிக்க 2021 ஜனவரி 15 முதல் பூஜ்யம் கட்டாயம். ஃபைபர் போனுக்கும் அதே விதிதான். போட்டும் போகவில்லையென்றால் போனின் அடியில் 'டி', 'பி' என்று சிறு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், அது 'டி'யில் இருக்க வேண்டும். பல பெட்டிகளுக்குப் பழைய பல்ஸ் முறை புரியாது. வட்டு சுழற்றும் போனும் இதனால்தான் பெரும்பாலும் டயல் செய்யாது, வரும் அழைப்பை மட்டும் எடுக்கும்.

குரல் விட்டுவிட்டு வருகிறது, சில நாள் பெட்டியில் சிவப்பு விளக்கு. – வாசகர், திருநெல்வேலி

'லாஸ்' என்ற இடத்தில் சிவப்பு மினுங்கினால் ஒளி வரவில்லை. பெட்டியை அணைத்துப் போடுவதால் தீராது. மேசைக்குப் பின்னால் மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை இழை மடிந்திருக்கிறதா, கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இழையை எலுமிச்சம்பழச் சுற்றளவைவிடச் சின்னதாக வளைக்காதீர்கள். பச்சை முனையைக் கழற்றி ஊதவோ துணியால் துடைக்கவோ வேண்டாம், கண்ணுக்கருகே கொண்டுபோகவும் வேண்டாம். ஊழியர் வந்தால் மீட்டரில் ஒளி அளவைக் கேளுங்கள். மைனஸ் 18 முதல் 24 டி.பி.எம். வரை நல்லது. மைனஸ் 27-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் இணைப்பு தொங்கலில் இருக்கிறது, அன்று ஓடினாலும் அடுத்த மழையில் நிற்கும். எங்கோ ஒட்டு சரியில்லை, மாற்றச் சொல்லுங்கள்.

விளக்கெல்லாம் பச்சையாக இருந்தும் குரல் உடைந்தால் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட்டுக்குள் போதும், வேகம் பற்றாமல் போக வாய்ப்பே இல்லை. பெட்டியின் போன் துளைக்கு வழக்கமாகத் தனிப் பாதையும் முன்னுரிமையும் கொடுத்திருப்பார்கள். வைஃபை வழியே செயலியில் பேசினால் அந்த முன்னுரிமை கிடையாது. வீட்டில் ஒருவர் பெரிய வீடியோ ஏற்றிக்கொண்டிருந்தாலே குரல் சிதறும்.

ஆடிட்டர் அலுவலகம். ஃபேக்ஸ் பாதியில் நின்றுவிடுகிறது. – வாசகர், ஈரோடு

ஃபேக்ஸ் ஒலி இணையப் பொட்டலமாக வெட்டப்படும்போது சிறு இழப்பையும் தாங்காது. இயந்திரத்தின் வேகத்தை 9,600-க்குக் குறைத்து, பிழை திருத்தும் முறையை அணைத்துப் பாருங்கள். பெட்டியில் 'டி.38' (இணைய வழியே ஃபேக்ஸ் அனுப்பும் முறை) இருந்தால் இயக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் மேல் மெனக்கெடுவதைவிட ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புவதே நல்லது.

லண்டன் ஹாரோவில் அம்மா தனியாக இருக்கிறார். கழுத்தில் அவசர அழைப்புப் பொத்தான் அணிகிறார், அது லேண்ட்லைனில் ஓடுகிறது. போனை டிஜிட்டலுக்கு மாற்றுவதாகக் கடிதம் வந்திருக்கிறது. – வாசகி, லண்டன்

பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையமைப்பை மூடும் கெடு முதலில் 2025 டிசம்பராக இருந்தது, பிறகு 2027 ஜனவரி 31-க்குத் தள்ளப்பட்டது. தள்ளியதற்கு முக்கியக் காரணமே உங்கள் அம்மா அணிவது போன்ற பொத்தான்கள்தான். மாற்றிய சில வீடுகளில் அவை வேலை செய்யாமல் போனதால் 2023 டிசம்பரில் கட்டாய மாற்றங்களை நிறுத்திவைத்தார்கள்.

இரண்டு பேரிடம் பேச வேண்டும். போன் நிறுவனத்திடம், வீட்டில் அவசரப் பொத்தான் இருப்பதைச் சொல்லிக் கணக்கில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். லேண்ட்லைனையே நம்பியிருப்பவர்களுக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்க வழி செய்ய வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி. பேட்டரி பெட்டியோ செல்போன் வழிக் கருவியோ கேளுங்கள். பொத்தான் சேவை நிறுவனத்திடம், இந்தக் கருவி டிஜிட்டல் லைனில் ஓடுமா, சிம் கார்டு உள்ளதாக மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். ஒரு மணி நேர பேட்டரி ரூட்டருக்கு இருந்தாலும், பொத்தானின் அடிப்பெட்டி அதே ரூட்டரில் செருகியிருந்தால்தான் பயன்.

நிறுவனமும் மாற்றுவதாக இருந்தால் பழைய இணைப்பை நீங்களே ரத்து செய்யாதீர்கள். புதியவரிடம் எண்ணைச் சொல்லி அவர்களே எடுத்துக்கொள்ளவிடுங்கள். மாற்றும் நாளன்று யாராவது அம்மாவோடு இருங்கள். லைன் வந்ததும் பொத்தானை அழுத்தி, மறுமுனையில் ஆள் பேசும்வரை காத்திருந்து, சோதனை என்று சொல்லுங்கள். பிறகு ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இன்னொரு முறை அழுத்துங்கள். இரண்டாவது முறையும் குரல் கேட்ட பிறகே ஊழியரை அனுப்புங்கள்.