காற்றாலை இவ்வளவு இருந்தும் தமிழ்நாடு ஏன் வெளியே மின்சாரம் வாங்குகிறது?

தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் காற்று நன்றாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரைதான். சூரிய மின்சாரமோ பொழுது சாய்ந்ததும் நின்றுவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் வீடுகளில் விளக்கு, ஏசி எல்லாம் ஓடத் தொடங்கும். அப்போது மின் சந்தையில் ஒரு யூனிட் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுவதும் உண்டு. அந்தச் செலவு கடைசியில் நம் கட்டணத்தில்தான் வந்து விழும்.

ஆகவே, உற்பத்தியைவிடச் சேமிப்புதான் இப்போது அவசரம் என்பது என் கருத்து. இதற்கான வழி நம்மிடம் முன்பே இருக்கிறது. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980களிலிருந்து உள்ளது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணையிலிருந்து மேல் அணைக்குத் தண்ணீரை ஏற்றி, தேவைப்படும்போது திறந்துவிட்டு டர்பைனைச் சுழற்றுவார்கள். ஏற்றச் செலவான 100 யூனிட்டில் ஏறக்குறைய 75 திரும்பக் கிடைக்கும். இழப்புதான், ஆனால் காற்றாலையை நிறுத்தி வைத்தால் மொத்தமும் போய்விடுமே! இதே வகையில் நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்டது. சேமிப்பு தவிர இன்னொரு வழி, நம் புகளூரைச் சத்தீஸ்கரின் ராய்கருடன் இணைக்கும் உயரழுத்த நேர்மின் தடம்: வெளி மாநில மின்சாரம் வரவும், காற்று மிஞ்சும் மாதங்களில் நம்முடையது வடக்கே போகவும் அது உதவும்.