பெண் வெறுப்பு வீடியோக்களில் பையன்கள் எப்படி மாட்டிக்கொள்கிறார்கள்?

நல்ல பையன்கள்கூட ஏன் இதில் விழுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் யாரும் வெறுப்பைத் தேடிப் போவதில்லை. ஒரு பெண் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்ட வலியில், பதினாறு வயதுப் பையன் ராத்திரி போர்வைக்குள் போனைப் பார்க்கிறான். முதலில் உடம்பை ஏற்றுவது எப்படி என்று ஒரு வீடியோ. அப்புறம் தன்னம்பிக்கை. நாலாவதில் ஒருவர், 'தப்பு உன்மேல் இல்லை, பெண்களே இப்படித்தான்' என்று அடித்துச் சொல்கிறார். அதைக் கடைசிவரை பார்த்தால் போதும், அதே மாதிரி இன்னும் பத்து வந்து நிற்கும். அடுத்து எதைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் அல்காரிதம், நம்மை அதிக நேரம் பிடித்துவைப்பதைத்தான் தள்ளும்.

இந்தக் கும்பலில் அடிபடும் 'இன்செல்' (விரும்பியும் துணை கிடைக்காதவர்) என்ற சொல்லின் கதை எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. 1990களில் கனடாவில் ஒரு பெண், துணை கிடைக்காமல் தவிப்பவர்கள் மனம்விட்டுப் பேசுவதற்காகத் தொடங்கிய இணையதளத்திலிருந்து பிறந்தது அது. பிறகு வெறுப்பின் அடையாளமாகி, 2018இல் டொராண்டோவில் வேனை ஏற்றிப் பலரைக் கொன்றவனின் பேஸ்புக் பதிவுவரை போய்விட்டது.

2022 ஆகஸ்டில், பெண்களை இழிவாகப் பேசும் வீடியோக்களால் பிரபலமான ஆண்ட்ரூ டேட்டின் கணக்குகளை டிக்டாக், இன்ஸ்டாகிராம், யூடியூப் நீக்கின. ஆனாலும் மற்றவர்கள் வெட்டிப் போட்ட அவருடைய வீடியோத் துண்டுகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அதனால் தடையை மட்டும் நம்பாதீர்கள். பையனிடமிருந்து போனைப் பிடுங்குவதற்கு முன்னால், அவனுக்கு எது வலித்தது என்று கேளுங்கள். திட்டினால், 'வீடியோவில் அந்த ஆள் சொன்னது சரிதான்' என்றுதான் நினைப்பான்.