முடிவு தெரிந்த ஒரு பழைய போரைப் பொம்மைப் படைகளை வைத்து மேசைமேல் மறுபடி ஆடுவதில் என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வியின் தொனியைப் பார்த்தால், வீட்டில் யாரோ ஒருவர், கணவரோ மகனோ, பொட்டலம் பொட்டலமாகச் சிப்பாய்களை வாங்கிக் குவிக்கத் தொடங்கிவிட்டார் என்று தோன்றுகிறது. யார் ஜெயித்தார் என்பது புத்தகத்திலேயே இருக்கும்போது இத்தனை பொம்மை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். என் மைத்துனரும் தீபாவளிக்கு வரும்போதெல்லாம் இதைத்தான் கேட்பார். கைக்கடிகாரம் சேர்ப்பவர் அவர். ஒரே மணியைக் காட்டும் அத்தனை கடிகாரம் எதற்கு என்று அவரை யாரும் கேட்பதில்லை. போகட்டும்.

யார் ஜெயித்தார் என்று தெரிந்துகொள்ள யாரும் இதை ஆடுவதில்லை. தோற்றவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதுதான் எங்களை இழுக்கிறது. அதற்கு நாங்கள் ஆடிய புள்ளலூரைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புள்ளலூர் காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கும் ஊர். மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை முறியடித்த இடம் என்று காசாக்குடிச் செப்பேட்டில் வரும் அதே புள்ளலூர்தான். நான் சொல்வது 1780 செப்டம்பர் 10ஆம் தேதி நடந்ததை. அந்த ஆண்டு ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி ஏறக்குறைய 80,000 பேரோடு மலையிறங்கி ஆர்க்காட்டுச் சீமைக்குள் வந்தார். அவரை எதிர்க்கச் சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி சர் ஹெக்டர் மன்றோ புறப்பட்டுக் காஞ்சிபுரத்தில் முகாமிட்டார். குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் வில்லியம் பெய்லி இன்னொரு படையுடன் வந்து அவரோடு சேர வேண்டும் என்பது ஏற்பாடு. வழியில் கொசஸ்தலை ஆறு. பெய்லி அன்றே கடந்திருக்கலாம். வடகரையில் கூடாரம் அடித்துத் தங்கினார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. அது வடிந்து அவர் அக்கரை சேரச் செப்டம்பர் பிறந்துவிட்டது. 6ஆம் தேதி பெரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு மறித்தார். மன்றோ ஏறக்குறைய ஆயிரம் பேரை கர்னல் பிளெட்சருடன் உதவிக்கு அனுப்பினாரே தவிர, தாம் நகரவில்லை. பிளெட்சர் வந்து சேர்ந்த பிறகு பெய்லியிடம் சுமார் 3,800 பேர் இருந்தார்கள். 9ஆம் தேதி இரவு புறப்பட்டவர்கள் பாதி வழியில் விடியும்வரை நின்றார்கள். அந்த இரவிலேயே ஹைதர் மன்றோவின் எதிரிலிருந்து சத்தமில்லாமல் நழுவி, காலையில் பெய்லியைச் சூழ்ந்துகொண்டார். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ராக்கெட் விழுந்ததா, பீரங்கிக் குண்டா என்று ஒரு சண்டை இன்றுவரை நடக்கிறது. எஞ்சியவர்கள் சதுரமாக நின்று குதிரைப்படையைத் திரும்பத் திரும்பத் தள்ளினார்கள். கடைசியில் காயம்பட்ட பெய்லி சரணடைந்தார். 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார்.

படிக்கிற எவருக்கும் மன்றோமேல் ஆத்திரம் வரும். ஒரு நாள் நடைகூட இல்லாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்தார் இவர்? கோழை என்று தள்ளிவிடவும் முடியாது. 1764இல் பக்சாரில் ஜெயித்தவர். சென்னையில் குதிரைமேல் சிலையாக நிற்கும் தாமஸ் மன்றோ வேறு ஆள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் வந்து திருத்துவார்கள்.

நாங்கள் ஆடியது ஒரு சமூக மன்றத்தின் அறையில். பெய்லியும் ஹைதரும் திப்புவும் உள்ளே மேசையைச் சுற்றி நின்றார்கள். மன்றோவாக ஆடியவரை மட்டும் வெளியே நடைபாதையில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தோம். கையில் ஒரு வரைபடம், ஒரு பென்சில். பொம்மை ஒன்றுகூடக் கிடையாது. அவர் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். புள்ளலூர் என்ற பெயரையே அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் அவரை அழைத்தோம். நடுவர் நான்.

அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: உங்கள் அரிசியும் பெரிய பீரங்கிகளும் கோயில் மதிலுக்குள் இருக்கின்றன. ஊரைச் சுற்றி எதிரியின் குதிரைப்படை திரிகிறது. வடக்கே உங்கள் நண்பர் ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். அவர் எழுதும் சீட்டு உங்களிடம் வருமா, வராதா, எப்போது வரும் என்பதைப் பகடை முடிவுசெய்யும்.

இந்த ஏற்பாடு எங்கள் கண்டுபிடிப்பல்ல. 1824இல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி உருவாக்கிய போர் விளையாட்டிலேயே நடுவர் உண்டு. ஆடுபவர்களுக்குத் தங்கள் கண்ணுக்கு எட்டியது மட்டும்தான் தெரியும். கடைகளில் விற்கும் பெரும்பாலான விதிநூல்கள் இதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் எல்லாரும் பார்க்கும்படி ஆட வைக்கின்றன. கழுகுப் பார்வையில் நின்றால் யாரும் தளபதிதான்.

சரி, என்ன நடந்தது? பெய்லியின் முதல் சீட்டு வந்து சேர்ந்தது. 'உடனே வரவும்' என்று இருந்தது. நம் மன்றோ அதைப் படித்துவிட்டு என்னைக் கேட்டார்: "நான் கிளம்பினால் அரிசியை யார் பார்த்துக்கொள்வது?" பாதிப் பேரை விட்டுப் போகலாம் என்றேன். "பாதிப் பேரோடு போனால் நானும் மாட்டுவேன். எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனால் திரும்பி வந்து எதைச் சாப்பிடுவது?" பென்சிலால் கோயிலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அப்புறம் அதன்மேலேயே இன்னொரு வட்டம். கொஞ்சம் பேரை மட்டும் அனுப்புகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அதாவது பிளெட்சரை அனுப்பிவிட்டார், பிளெட்சர் என்று ஒருவர் இருந்தது தெரியாமலே.

உள்ளே பெய்லியாக ஆடிய என் பழைய பள்ளித் தோழன் மன்றோவைத் திட்டிக்கொண்டிருந்தது நடைபாதைவரை கேட்டது. இவர் அதைக் கேட்டும் அசையவில்லை. ஹைதர் நழுவிய இரவில் 'எதிரில் நெருப்புகள் தெரிகின்றன' என்று மட்டும் சொன்னேன். எதிரி அங்கேயே இருப்பதாக அவர் நம்பினார். விடிந்ததும், வடக்கே புகை தெரிகிறது என்று நான் சொன்ன பிறகுதான் எழுந்தார். உண்மை மன்றோவும் 10ஆம் தேதி காலை கிளம்பத்தான் செய்தார், காலங்கடந்து. பிறகு பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

ஒரு ஆட்டத்தை வைத்து வரலாற்றை நிரூபித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் முதல் சீட்டுக்கே ஓடியிருக்கலாம். மன்றோவுக்கு வக்காலத்து வாங்குவதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அத்தனை பேர் செத்ததற்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'அரிசியை யார் பார்த்துக்கொள்வது' என்ற கேள்வியின் கனம், இதைப் பற்றி நான் படித்த எந்தப் பக்கத்திலும் எனக்கு உறைத்ததில்லை. கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு மனிதர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோதுதான் உறைத்தது.

போரைக் கொண்டாடுகிறாயே என்று ஒருவர் வருவார். கட்டாய ராணுவப் பயிற்சியில் சிங்கப்பூரின் புலாவ் தெக்கோங் தீவில் மழையில் பள்ளம் தோண்டிய எவனுக்கும் போரைக் கொண்டாடும் ஆசை மிஞ்சாது. ஆங்கிலேயன் பக்கம் எப்படி ஆடலாம் என்று இன்னொருவர் வருவார். ஐயா, பெய்லியின் படையில் பெரும்பாலானவர்கள் இந்தியச் சிப்பாய்கள். புள்ளலூரில் இன்றும் நிற்கும் நினைவுத்தூண்கள் அடுத்த ஆண்டு அங்கே நடந்த சண்டையில் இறந்த வெள்ளை அதிகாரிகளுக்கு உரியவை. சிப்பாய்க்குத் தூண் இல்லை. என் மேசையில் அவனுக்குக் குறைந்தது ஓர் இடம் இருக்கிறது.

நான் வைத்திருப்பது 6 மில்லிமீட்டர் உருவங்கள். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இதைவிடப் பெரிய அளவில் ஹைதரின் படையை நிறுத்த வரவேற்பறைச் சுவரை இடிக்க வேண்டும். நான்கு பேர் ஒரே துண்டாக வார்க்கப்பட்டு வருவார்கள். சிவப்புச் சட்டை, குட்டையான வெள்ளைக் கால்சட்டை, அதற்குக் கீழே வெறுங்கால். அந்த வெறுங்கால், தூரிகை நுனியில் ஒரு புள்ளி பழுப்பு. வைக்காவிட்டால் யாருக்கும் தெரியாது; வைத்தால் ஐரோப்பியப் பட்டாளம் வேறு, இது வேறு என்று மேசையின் மறுமுனையிலிருந்தே தெரிகிறது. மரங்கள்தான் தொல்லை. இணையத்தில் கிடைப்பதெல்லாம் பாலைவனத்துப் பேரீச்சை. அதை நட்டால் காஞ்சிபுரம் அரேபியாவாகிவிடும். கம்பியில் கருப்பு நூல் சுற்றி, பச்சைக் காகிதத்தை விசிறிபோல் மடித்துக் கத்தரித்துப் பனைமரங்களை என் மகள் செய்து கொடுத்தாள்.

கடைசிப் பூச்சு அடிப்பதில் சிங்கப்பூருக்கே உரிய ஒரு வேதனை உண்டு. காற்றில் ஈரம் அதிகமான நாளில் மங்கல் வார்னிஷ் அடித்தால், படை முழுவதும் வெண்பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். ஆகவே வெயில் காயும் மதியமாகப் பார்த்து, பொது நடைபாதையின் ஓரத்தில் அட்டைப் பெட்டிக்குள் வைத்து அடிப்பேன், மூச்சுப் பிடித்துப் பத்தே நொடி. அதற்கு ஒரு அண்டை வீட்டார் புகார் எழுதினார். எழுதட்டும், வாசனை பிடிக்காதது அவர் உரிமை. ஆனால் அதே நடைபாதையில் அவருடைய செருப்பு அலமாரி இரண்டு, ஓட்டாத சைக்கிள் ஒன்று, யாரும் உட்காராத ஒரு சோபா! தீயணைப்பு வண்டி வந்தால் தூக்குக் கட்டிலை எந்த வழியாகக் கொண்டுபோவார்கள்? நான் புகார் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தட்டச்சு செய்யும்போது தோன்றுகிறது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும்.

உங்கள் வீட்டில் சிப்பாய் வாங்குகிறவருக்குச் சொல்லுங்கள்: முதலிலேயே புலிவரிச் சீருடை போட்ட மைசூர்ப் படையை வாங்கிவிட வேண்டாம். அது திப்பு அரசரான பிறகு பேர்பெற்றது; 1780இல் ஆட்சி ஹைதருடையது. சிறிய சண்டையாகத் தொடங்கட்டும், பெரம்பாக்கம்போல. வெளிநாட்டுப் பொட்டலத்துக்கு இப்போது பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்வதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

நாங்கள் அடுத்து 1781 ஜூலை 1ஆம் தேதிப் பறங்கிப்பேட்டைப் போரை எடுக்கிறோம். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் ஹைதரை வென்ற போர் அது. ஒரு பக்கம் முழுக்கக் கடல் என்பதால் மேசை போதவில்லை. ஹைதராக ஆட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அயர் கூட் இடத்தில் உட்கார யாராவது இருந்தால் எழுதுங்கள். அந்தப் போரைப் பற்றி எதுவும் படிக்காதவராக இருந்தால் நல்லது.