கலவர வழக்கு ஸ்டேஷன் மேசையிலேயே செத்துப்போகிறது

கலவரங்களைப் போலீஸ் கையாண்ட விதம் பற்றியும் அதை விசாரித்த ஆணையங்கள் பற்றியும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்களில் இருப்பது ஒரே ஆதங்கம்தான்: "இத்தனை பக்கம் அறிக்கை எழுதி என்ன கண்டோம்?" முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் 17 போலீசார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது ஆணையம். சொன்னவர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் என்ன? (கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர்)

எடுத்துக்கொள்ள முடியாது. நீதிபதி அருணா ஜெகதீசன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது பலரும் இதையே கேட்டார்கள். 1952-ம் வருட விசாரணை ஆணையச் சட்டத்தின்படி ஆணையம் சாட்சிகளை வரவழைக்கலாம், ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். ஆனால் யாரையும் தண்டிக்க முடியாது. அது அரசுக்குச் சொல்லும் ஆலோசனை, அவ்வளவுதான். டால்மியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னொன்றும் உண்டு. ஆணையத்தின் முன் ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தை அவருக்கு எதிரான கிரிமினல் வழக்கில் பயன்படுத்த முடியாது என்கிறது அதே சட்டத்தின் 6-ம் பிரிவு. பயமில்லாமல் பேசட்டும் என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. அதனால் ஆணையத்தில் வெளிவந்த உண்மையை நீதிமன்றத்தில் மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

கேரளத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கண்ணூர் மாவட்டம் கூத்துப்பறம்பில் 1994 நவம்பர் 25 அன்று போலீஸ் சுட்டதில் ஐந்து இளைஞர்கள் இறந்தார்கள். போராடிய கூட்டத்தின் மீது போலீஸ் அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். போட்டது. பிறகு வந்த விசாரணை ஆணையம், துப்பாக்கிச்சூடு நியாயமானதல்ல என்றது. அதை வைத்து 1997-ல் புதிதாக ஒரு எஃப்.ஐ.ஆர். பதிவானது. 2001-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது எஃப்.ஐ.ஆர். கூடாது, ஆணைய அறிக்கை விசாரணை அதிகாரியைக் கட்டுப்படுத்தாது, வேண்டுமானால் முதல் வழக்கிலேயே மேல் விசாரணை நடத்தலாம் என்றது நீதிமன்றம். சட்டப்படி சரி. ஆனால் அந்த முதல் எஃப்.ஐ.ஆரை எழுதியது யார் என்று யோசித்துப் பாருங்கள். சுட்ட தரப்பு எழுதியதுதான் அந்தச் சம்பவத்தின் முதல் பதிவாக நின்றது. கீழே வரும் பதில்களிலும் இந்த முதல் காகிதம் திரும்பத் திரும்ப வரும்.

மும்பைக் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் போலீசைப் பற்றி அப்படி என்னதான் கண்டுபிடித்தது? (மதுரை)

என் பார்வையில் இந்த நாட்டில் எழுதப்பட்ட ஆணைய அறிக்கைகளில் மிக நேர்மையான சிலவற்றில் அதுவும் ஒன்று. பாபர் மசூதி இடிப்பைத் தொடர்ந்து 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் சுமார் 900 பேர் இறந்தார்கள். அதில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மட்டும் 356 பேர். அப்போது பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஸ்ரீகிருஷ்ணா, ஒவ்வொரு காவல் நிலைய எல்லையாக எடுத்து ஆராய்ந்தார். 1996 ஜனவரியில் மாநில அரசு ஆணையத்தையே கலைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே வருடம் மே மாதம் உயிர் கொடுத்தது. 1998 பிப்ரவரியில் அறிக்கை வந்தது.

31 போலீஸ்காரர்கள் தவறு செய்ததாக அறிக்கை சொன்னது. செய்தித்தாள்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. என்னை அதிகம் உலுக்கியது வேறு. போலீஸ் கட்டுப்பாட்டு அறையின் வயர்லெஸ் பேச்சை ஆணையம் ஆராய்ந்தபோது, காப்பாற்றச் சொல்லிக் கதறியவர்களை அலட்சியப்படுத்திய பேச்சும் மத வெறுப்புப் பேச்சும் அதில் இருந்தன. அப்புறம், வழக்குகள் மூடப்பட்ட விதம். மகாராஷ்டிரப் போலீசில் 'ஏ சம்மரி' என்று ஒரு முறை உண்டு. "குற்றம் நடந்தது உண்மை, செய்தவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று எழுதிக் கோப்பைக் கட்டிவிடுவது. 1,371 கலவர வழக்குகளை இப்படி மூடினார்கள். தாக்கியவரின் பெயரைப் பாதிக்கப்பட்டவர் சொல்லியிருந்த வழக்குகளையும்கூட.

அதே நகரத்தில் 1993 மார்ச் 12 குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 100 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மனசு வைத்தால் மும்பை போலீசால் துப்பு துலக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கலவர வழக்குகளுக்கு அந்த மனசு வைக்கப்படவில்லை.

எங்கள் குடும்பம் தாராவியில் இருந்தது. 1993 ஜனவரியில் வேலைக்குப் போன சித்தப்பா திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. இப்போது திருநெல்வேலியில் இருக்கிறோம். இனி கேட்க ஏதாவது வழி உண்டா?

இருக்கிறது, ஐயா. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் மும்பைக் கலவரம் குறித்து ஒரு தீர்ப்பு கொடுத்தது. சட்டம் ஒழுங்கைக் காக்க மாநில அரசு தவறியது, அதனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு என்றது. காணாமல் போனதாகப் பதிவானவர்கள் 168 பேர். அவர்களில் 108 பேருடைய குடும்பத்துக்குப் பணம் போய்ச் சேரவே இல்லை. விலாசம் கிடைக்கவில்லை, காகிதம் சரியில்லை என்பதுதான் காரணம். அந்தக் குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், 2 லட்ச ரூபாயை 1999 ஜனவரியிலிருந்து 9 சதவீத வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. இதைக் கண்காணிக்க மகாராஷ்டிர மாநிலச் சட்டப் பணிகள் ஆணையக் குழுவின் உறுப்பினர் செயலர் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

முதலில், அன்றைக்கு ஸ்டேஷனில் 'ஆளைக் காணோம்' என்று புகார் கொடுத்த ரசீதோ நகலோ வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரேஷன் கார்டு, வேலை பார்த்த இடத்தின் சீட்டு, எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். திருநெல்வேலி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையக் குழுவில் இலவசமாக உதவி செய்வார்கள். அவர்கள் மூலமாகவே மும்பைக்கு எழுதலாம். ஏழு வருடம் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கருதச் சட்டம் இடம் தருகிறது, ஆகவே 'உடல் இல்லையே' என்று யாராவது சொன்னால் தயங்கி நிற்காதீர்கள். உங்கள் சித்தி இப்போது இருந்தால் அவர் பெயரில் மனு போவது நல்லது.

கலவரத்தில் எரிந்த எங்கள் கடை வழக்கில் 'ஆர்.சி.எஸ். நோட்டீஸ்' வந்திருக்கிறது. முடிந்ததா? (ஆம்பூர்)

முடியவில்லை. போலீஸ் வழக்கை முடித்துக்கொள்ளப் பார்க்கிறது, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்கும் காகிதம் அது. மாஜிஸ்திரேட் அதை ஏற்பதற்கு முன் புகார்தாரரின் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று 1985-ல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உடனே ஆட்சேப மனு போடுங்கள். எந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை, எந்த சிசிடிவி பதிவை வாங்கவில்லை என்று பெயர், இடம், நேரம் போட்டு எழுதுங்கள். "விசாரணை சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் நிற்காது.

இலங்கையில் 1977 வன்முறைக்கும் ஒரு ஆணையம் போட்டார்களே, அது என்ன ஆயிற்று? (வவுனியாவிலிருந்து இப்போது டொராண்டோவில் வாழும் வாசகி)

அம்மா, அது முன்னாள் தலைமை நீதியரசர் சன்சோனி தலைமையில் நடந்த ஆணைக்குழு. 1980-ல் அறிக்கை வந்தது. பாதிக்கப்பட்ட தமிழர்கள் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். ஆனால் 1982-ல் நாடாளுமன்றம் ஒரு இழப்பெதிர்காப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1977 ஆகஸ்டில் ஒழுங்கை நிலைநாட்டும் நோக்கில் நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொல்லப்படும் செயல்களுக்காக அமைச்சர்கள் மீதும் அதிகாரிகள் மீதும் வழக்குத் தொடர முடியாது என்று அது முன்தேதியிட்டுப் பாதுகாப்பு கொடுத்தது. அடுத்த வருடமே கறுப்பு ஜூலை. 1981 முதல் 1984 வரையான வன்முறைக்கு ஒரு ஆணைக்குழு அமைய 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீங்கள் எழுதியிருக்கும் கோபத்தில் ஒரு சொல்லைக்கூட நான் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

நான் புதிதாகச் சேர்ந்த எஸ்.ஐ. ஆணையங்கள் எங்களைக் குறை சொல்வதைப் படிக்கிறேன். கலவர நேரத்தில் காகித வேலையை எப்படிச் செய்தால் சரியாக இருக்கும்?

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி.

டெல்லியில் 1984 நவம்பரில் சீக்கியர்களுக்கு எதிரான கலவரத்தில் மூன்று நாளில் 2,733 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது அரசுக் கணக்கு. பதிவான எஃப்.ஐ.ஆர். 587 மட்டுமே. உச்ச நீதிமன்றம் 2018-ல் அமைத்த நீதிபதி திங்ரா குழு பழைய கோப்புகளைப் புரட்டியபோது, சுல்தான்புரி காவல் நிலையத்தில் 498 சம்பவங்களை ஒரே எஃப்.ஐ.ஆரில் போட்டு, ஒரே அதிகாரியிடம் கொடுத்திருந்தது தெரிந்தது. 498 இடம், 498 புகார். ஒரு மனிதரால் என்ன விசாரிக்க முடியும்? டெல்லி உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் காங்கிரஸ் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்த அமர்வில் இருந்தவர் நம் சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய நீதிபதி முரளிதர். ராஜ் நகரில் ஐந்து பேர் கொல்லப்பட்ட வழக்கு அது. அந்த ஐந்து சாவுக்கும் தனித்தனி எஃப்.ஐ.ஆர். இல்லை, ஸ்டேஷன் தினசரி டைரியில் நடந்த எதுவுமே பதிவாகவில்லை என்று தீர்ப்பு சுட்டிக்காட்டியது. 34 வருடம் கழித்துத் தண்டனை கிடைத்ததற்குக் காரணம், சாட்சி சொன்ன பெண்களின் பிடிவாதம்தான்.

அதனால் ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனி எஃப்.ஐ.ஆர். போடுங்கள். புகார்தாரர் பெயர் சொன்னால், அந்தப் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். 'அடையாளம் தெரியாத கும்பல்' என்று மாற்றாதீர்கள். துப்பாக்கிச்சூடு நடந்தால் யார் உத்தரவு, யார் சுட்டது, எத்தனை ரவுண்டு, எந்தத் திசை என்று அன்று இரவே ஜெனரல் டைரியில் ஏற்றுங்கள். வயர்லெஸ் பதிவைப் பத்திரமாக வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மேலதிகாரி வாய்மொழியாக வேறு ஏதாவது சொன்னால், அவர் சொன்ன நேரத்தோடு அதையும் டைரியில் எழுதிவிடுங்கள். புகார் கொடுத்தவரை அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். நகலோடு வீட்டுக்கு அனுப்புங்கள்.